பரஸ்தானம் போன புத்தகங்கள்

என் ரசாயனப் புத்தகம் எனக்கு முன்னாலேயே பரீட்சைக்குக் கிளம்பிவிட்டது. இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை. பல் வைத்தியக் கல்லூரியில் சேர்வதற்கான பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது, நான் படிக்கவேண்டிய அத்தனை புத்தகங்களையும் அப்பா ஒரு தகரப் பெட்டியில் கட்டி, குற்றாலத்தில் ஒரு வீட்டு அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். என் மேல் உள்ள பிரியத்தால்தான் அப்படிச் செய்தார். விரோதத்தில் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பிரியத்தோடு என்ன செய்வது?

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி இன்டர்மீடியட் முடித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியிருந்தேன். டாக்டருக்குப் படிக்க இடம் கேட்டுக் கிடைக்கவில்லை. அந்த அழுகை ஓய்வதற்குள் பம்பாயிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. அம்மாவின் தம்பி, ரயில்வேயில் வேலை. பல் வைத்தியத்துக்கென்றே அங்கே ஒரு கல்லூரி இருக்கிறது, பெண்களையும் சேர்க்கிறார்கள், பரீட்சையை மதராஸிலேயே எழுதலாம், தேறினால் தன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று எழுதியிருந்தார். விவரங்கள் அச்சடித்த தாள்களும் கூடவே வந்தன. பௌதிகம், ரசாயனம், உயிரியல், ஆங்கிலம் என்று நான்கு பரீட்சை. ஐந்தாவது கைத்திறனுக்கு. ஒரு மெழுகுக் கட்டியையும் சின்னக் கத்தியையும் கொடுத்து, படத்தில் இருக்கும் பல்லைப் போலவே செதுக்கச் சொல்வார்கள்.

அதைப் படித்த அன்றே எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. பல்லின் மேல் எனக்குத் தனியாகக் காதல் எதுவும் இல்லை. டாக்டர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போக அது ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் விவரத் தாளில் இருந்த கடைவாய்ப் பல்லின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடும் பள்ளமும் வரப்புமாக, மலைமேலிருந்து பார்க்கும் ஊர் மாதிரி இருந்தது.

அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நாள் நட்சத்திரம் பார்ப்பதில் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஜோசியம் தொழில் இல்லை. பஞ்சாங்கம் கரதலப் பாடம். காது குத்து, கடை திறப்பு, கிணறு வெட்டு என்று எதற்கும் காலையில் நாலு பேர் வந்து வாசலில் நிற்பார்கள். அப்பா கோர்ட்டுக்குப் போகும் அவசரத்திலும் நின்று நேரம் குறித்துக் கொடுப்பார். அதில் அவருக்கு இருந்த பெருமை, சம்பளத்தில் இருந்ததில்லை.

பம்பாய் விஷயத்தை அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு தடவ எழுது. கெடைச்சா போ, நான் தடுக்கல. கெடைக்கலன்னா தை மாசம் கல்யாணம். அதுக்கப்புறம் பல்லு, பரீச்சன்னு ஒரு பேச்சு வரப்பிடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஒரு தடவை போதும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. பரீட்சைத் தேதியைச் சொல்லிக் கல்லூரியின் கடிதம் வரும்வரை அது குறையவும் இல்லை.

தேதி ஆடி மாதத்தில் விழுந்திருந்தது. அப்பா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ கேஸ் தோற்றுப்போன மாதிரி உட்கார்ந்துவிட்டார். ஆடியில் எங்கள் வீட்டில் புதுத் துணிகூட எடுப்பதில்லை. போதாததற்கு நான் ரயில் ஏறவேண்டிய நாள், எதுவும் தொடங்க ஆகாத நாளாம். கோர்ட்டில் எத்தனையோ வாய்தா வாங்கிக் கொடுத்தவர், பம்பாய்க் கல்லூரியிடம் வாய்தா கேட்க முடியாமல் தவித்தார்.

"பரீட்சைதானேப்பா, பத்திரம் பதியவா போறோம்?" என்று கேட்டேன்.

"வாழ்க்கையே அதுலதான இருக்குன்னு நீதான சொன்ன? வாழ்க்கைய கெட்ட நாள்ல தொடங்கச் சொல்லுதியா?" என்றார். என் வாயாலேயே என்னை மடக்குவது அவர் வழக்கம்.

அடுத்த வியாழக்கிழமை அம்மா என்னைப் பண்பொழிக்கு அழைத்துப் போனாள். பரீட்சைக்கு முன்னால் திருமலை முருகனைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது அவளுடைய கட்சி. படியேறி, கும்பிட்டு, காற்று வாங்கி, வண்டி பிடித்து வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. கை கால் கழுவிவிட்டு ரசாயனத்தை எடுக்கப் போனால் மேஜை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. புத்தகங்கள் இல்லை. இரண்டு வருஷம் எழுதிய நோட்டுகள் இல்லை. செதுக்கிப் பழக வாங்கி வைத்திருந்த சின்னக் கத்தியும் மெழுகும் இல்லை. விவரத் தாள் மட்டும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததால் தப்பித்தது.

அப்பா முகமெல்லாம் சந்தோஷமாக வந்தார். "பரஸ்தானம் வச்சாச்சு. இனி நீ எந்த நாள்ல பொறப்பட்டாலும் தோஷம் கெடையாது."

பரஸ்தானம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புறப்படவேண்டிய நாள் நல்ல நாளாக இல்லையென்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நேரத்தில் பயணச் சாமானைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். சாமான் கிளம்பிய நேரமே ஆள் கிளம்பிய நேரம் என்று கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் போய் அதை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். ஆனால் வைத்த சாமானை நடுவில் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் பயணம் கலைந்தது. சாதாரணமாக ஒரு வேட்டி, கொஞ்சம் அரிசி, மஞ்சள் என்று வைப்பார்கள். நாலைந்து நாளைக்கு வைப்பார்கள்.

"வேட்டி சேலைய வச்சிருக்கலாமேப்பா. புஸ்தகத்த ஏன் வச்சிய?"

"கல்யாணத்துக்குப் போறவளா இருந்தா சேல வைக்கலாம். நீ பரீச்சைக்கில்லா போற? ஒனக்குப் புஸ்தகந்தான பயணச் சாமான்?" என்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எத்தன நாளைக்கு?"

"ஆடி பொறக்கதுக்குள்ள இன்னைக்கு விட்டா நாளில்ல. ஒரு மண்டலம் வர தாங்கும். நான் வெசாரிச்சிட்டேன்."

யாரிடம் விசாரித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா, "அவரு ஒன் நல்லதுக்குத்தானட்டி செஞ்சாரு" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் இன்னும் ஆத்திரம் வந்தது.

சரி, குற்றாலம் மூன்று மைல்தானே, அங்கே போய் உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறேன் என்று மறுநாள் ஆரம்பித்தேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது. பெட்டியை மஞ்சள் கயிற்றால் கட்டியாகிவிட்டது, நடுவில் அவிழ்க்கக் கூடாது. அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. அந்த வீடு அப்பாவுக்குச் சிநேகிதரான ஒரு அண்ணாச்சியுடையது. சாரல் சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் வீடு வைத்திருப்பவர்கள் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவார்கள். அண்ணாச்சியும் தங்கள் சாமான்களை எல்லாம் ஒரு அறையில் அடைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு அச்சன்புதூருக்குப் போய்விட்டார். என் புத்தகங்கள் அந்த அறையில். வீட்டில் மதுரைக்காரர்கள். சாவி அச்சன்புதூரில், அண்ணாச்சியின் இடுப்பில். அண்ணாச்சி ஆவணியில்தான் திரும்பி வருவார்.

"அப்ப நான் கெளம்புத அன்னைக்குச் சாவி யாரு குடுப்பா?"

"அன்னைக்கு அவரே கொண்டாந்து தருவாரு. பேசி வச்சிருக்கேன்" என்றார் அப்பா. எல்லாம் பேசி வைத்திருந்தார். என்னிடம் மட்டும் பேசவில்லை.

தென்காசியில் கடன் வாங்கிப் படிக்கலாம் என்றால், இன்டர்மீடியட் ரசாயனப் புத்தகம் யாரிடம் இருக்கும்? இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கிடைத்தது பள்ளிக்கூடப் புத்தகம். அதில் ஆக்ஸிஜன் நிறமற்றது என்று போட்டிருந்தது. அது எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் எங்கள் வீட்டுக்கும் சீசன் வந்தது. தென்காசியில் வீடு இருந்தால் ஆனி முடிவிலிருந்து உறவுக்காரர்கள் வருவதை யாராலும் தடுக்க முடியாது. கோவில்பட்டியிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் ஐந்து பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி எப்படி இருக்கும் என்று குற்றாலத்துப் பக்கம் சமைத்தவர்களுக்குத்தான் தெரியும். அரிசியோ கட்டுப்பாட்டில் கிடைத்த காலம். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத்தான் மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தோம். அதை உரிப்பதும் நறுக்குவதும் என் வேலை.

"என்னட்டி சும்மாதான இருக்க, ஒரு கை குடு" என்பாள் சித்தி. புத்தகம் இல்லாத பெண்ணைப் பார்த்தால் சும்மா இருப்பதாகத்தானே தோன்றும்?

நான் கிழங்கு உரிக்க உட்கார்ந்தபோது ஒரு துண்டை எடுத்து அரிவாள்மணையில் சீவிப் பார்த்தேன். வெள்ளையாக, இறுக்கமாக, மெழுகைவிட நன்றாகவே செதுக்க வந்தது. பிறகு பென்சில் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டேன். விவரத் தாளை முன்னால் விரித்து வைத்து, தினம் நாலு கடைவாய்ப் பல் செதுக்கினேன். முதலில் எல்லாம் பிள்ளையார் மாதிரி வந்தது. பத்து நாளில் வேர் இரண்டாகப் பிரியும் இடம் சரியாக வர ஆரம்பித்தது. இந்த வீட்டில் எனக்குச் சொந்தமாக மிஞ்சியிருந்த படிப்பு அது ஒன்றுதான். அம்மா அந்தப் பற்களையும் சேர்த்தே குழம்பில் போட்டுவிடுவாள். சித்தப்பா ஒருநாள் சாப்பிடும்போது ஒன்றை வாயிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒன் பல்லு எம் பல்லுல மாட்டிக்கிட்டு" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

நான் பல் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்ற செய்தி பரவியதும் வந்த தொல்லை தனி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாயைத் திறந்தார்கள். சித்திக்கு ஒரு கடைவாய்ப் பல் வலி. தினம் காலையில் வெளிச்சத்துக்கு வந்து நின்று வாயைப் பிளந்து, "பாத்துச் சொல்லுட்டி, பூச்சியா?" என்பாள். "நான் இன்னும் பரீச்சையே எழுதல சித்தி" என்றால், "பாக்கதுக்கு என்ன பரீச்ச?" என்பாள். இப்படி ஆடி பிறந்து ஒரு வாரம் போனது. பரீட்சைக்குப் பதினோரு நாள் இருந்தது. எனக்கு ரசாயனம் மறக்க ஆரம்பித்திருந்தது. காலையில் எழுந்தால் ஒரு சமன்பாட்டில் பாதி நினைவிருக்கும், மீதி இருக்காது. எங்கே போய்ப் பார்ப்பது? தையில் கல்யாணம் என்பது அப்போதுதான் எனக்கு நிஜமாகத் தெரிந்தது. பயம் வந்தது.

அந்த வாரம் அண்ணாச்சி ஏதோ வேலையாகத் தென்காசிக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா கோர்ட்டிலிருந்து வரவில்லை. நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த ரூம்பு சாவிய ஒரு நாளைக்குக் குடுங்க. புஸ்தகத்த எடுத்துக்கிட்டு அன்னைக்கே தந்திருதேன். அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் மோரைக் குடித்து முடித்தார். பிறகு, "தாயி, கேக்கது ஞாயந்தான். ஆனா எங்க வீட்ல வச்ச பரஸ்தானம் கலைஞ்சி, நாளைக்கு ஒனக்கு எடம் கெடைக்கலன்னு வை, எங்க வீட்டு ராசிதான் சரியில்லன்னு ஊரு பேசும். சீசனுக்கு ஒரு பய வாடகைக்கு வரமாட்டான். கோவிச்சுக்கிடாத" என்றார். சாவி அவர் இடுப்பில் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் சித்தப்பா குடும்பம் குற்றாலம் போகக் கிளம்பியது. அம்மாவால் போக முடியாததால் என்னைத் துணைக்கு அனுப்பினாள். நான் மாற்றுத் துணி மூட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டிக்கொண்டேன். அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். சித்தி தலையில் எண்ணெயை வைத்துத் தேய்க்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தலைவலி, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

மதுரைக்காரர் வீட்டு ஆண்கள் எல்லாம் குளிக்கப் போயிருந்தார்கள். ஒரு நடுத்தர வயது அம்மா மட்டும் அடுப்பில் ஏதோ வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை, பரஸ்தானம், சாவி, தை மாதம் எல்லாம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை.

"அந்த ரூம்புதான். பூட்டியில்ல இருக்கு?" என்றார் அந்த அம்மா.

போய்ப் பார்த்தேன். பெரிய பூட்டு. ஆனால் ஒரு மாதச் சாரலில் கதவும் நிலையும் ஊறிப் போயிருந்தன. நாதாங்கியைப் பிடித்து ஆட்டினேன், கொஞ்சம் ஆடியது. அப்பா மேல் இருந்த கோபம், அண்ணாச்சி மேல் இருந்த கோபம், சித்தியின் கடைவாய்ப் பல் மேல் இருந்த கோபம் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தேன். நாதாங்கி ஆணியோடு கையில் வந்தது. நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் பாக்கல ஆத்தா. எனக்கு அடுப்புல வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பெட்டி மூலையில் இருந்தது. மேலே குங்குமம், சுற்றிலும் மஞ்சள் கயிறு. முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னால் குங்குமத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வயது அது. இருந்தாலும் கும்பிட்டேன். உள்ளே புத்தகங்கள் பூசணம் பிடித்துக் கிடந்தன. உயிரியல் புத்தகத்தில் தவளையின் குடலும் தவளையின் நரம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ரசாயனத்தின் பாதிப் பக்கங்கள் பிரிக்க வரவில்லை. நோட்டுகளில் மை ஊறிப் பரவியிருந்தது. மூன்று வாரம் நான் அழுது கேட்ட புத்தகங்கள் இந்த லட்சணத்தில் இருந்தன. நின்று வருத்தப்பட நேரமில்லை. எல்லாவற்றையும் துணி மூட்டைக்குள் அடைத்தேன். பெட்டி லேசாகிவிட்டால் அப்பா தூக்கும்போது தெரிந்துவிடுமே என்று பின்கட்டிலிருந்து இரண்டு செங்கல்லை எடுத்து ஒரு பழைய துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். கயிற்றைப் பழையபடி கட்டி, ஆணியைப் பழைய துளையிலேயே கல்லால் அடித்து இறுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

மீதி இருந்த நாட்களில் நான் படித்ததைப் படிப்பு என்று சொல்ல முடியாது. மாட்டுத் தொழுவத்தின் பின்னால் வைக்கோல் போருக்குள் புத்தகங்களை ஒளித்து வைத்திருந்தேன். தண்ணீர் காட்டப் போகிறேன், சாணி அள்ளப் போகிறேன் என்று போய் இரண்டு பக்கம் படிப்பேன், யாராவது கூப்பிடுவார்கள். ஒட்டிய பக்கங்களை ஊசியால் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். வாக்கியத்தின் பாதியைக் கண்ணாடியில் காட்டிப் படித்திருக்கிறேன். உலகத்தில் யாராவது ஒரு பரீட்சைக்கு இப்படிப் படித்திருப்பார்களா என்று கேட்டுக்கொண்டே படித்தேன்.

புறப்பட்ட நாளன்று அப்பா முதலில் குற்றாலத்துக்கு வண்டியை விடச் சொன்னார். அண்ணாச்சி சொன்னபடி சாவியோடு வந்து நின்றார். நாதாங்கியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கினார். "புஸ்தகம் நல்ல கனம்" என்று அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். விருதுநகரில் அவர் காப்பி வாங்க இறங்கியபோது கயிற்றை அவிழ்த்து, செங்கற்களை எடுத்து இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வைக்கோல் போரிலிருந்து எடுத்து என் கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்த புத்தகங்களைப் பெட்டிக்குள் வைத்து மறுபடியும் கட்டினேன். திரும்பி வந்தவர், "இனி தெறந்து படி. பயணம் நடந்துக்கிட்டிருக்கு, தோஷமில்ல" என்றார். அவர் வாங்கி வந்த காப்பியைக் குடித்தேன்.

மதராஸில் பரீட்சையில், மெழுகில் செதுக்கியது நன்றாக வந்தது. மேற்பார்வைக்கு நின்றவர் என் பல்லைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். உயிரியலும் பௌதிகமும் ஒருமாதிரி சமாளித்தேன். ரசாயனத்தில்தான் விழுந்தேன். கேள்விகளைப் படிக்கப் படிக்க, அந்த விடை எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்று ஞாபகம் வந்தது. பக்கம் பிரிக்க வராமல் கிழிந்ததும் ஞாபகம் வந்தது. விடை மட்டும் வரவில்லை.

புரட்டாசியில் கடிதம் வந்தது. மதிப்பெண்களை வரிசையாகப் போட்டு, ரசாயனத்தில் போதாததால் சேர்த்துக்கொள்ள இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதை இரண்டு தரம் ஆங்கிலத்தில் வாசித்தார். அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். அம்மா, "சரி, ஆசப்பட்டா, எழுதியாச்சு. இனி ஆக வேண்டியதப் பாருங்க" என்றாள். எனக்கு அவள் சொன்னது புரிந்தது. தைக்கு மூன்று மாதம் இருந்தது.

அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அவ மேல தப்பில்ல. நாந்தான் கெடுத்தேன்."

புத்தகத்தைப் பூட்டி வைத்தது தப்பு என்று கடைசியில் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"வடக்க போறவளுக்குப் பொட்டிய மேக்க கொண்டு வச்சிட்டேன். போற தெசையிலல்லா வைக்கணும்? சிநேகிதன் வீடு, பக்கத்துல இருக்குன்னு புத்தி போயிட்டு. ஊருக்கெல்லாம் நேரம் பாத்துக் குடுத்தவன், சொந்தப் பிள்ளைக்குத் தெச பாக்கல." குரல் உடைந்துவிட்டது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "இது ஒங் கணக்குல சேராது ஏட்டி. அடுத்த வருசம் ஒரு தடவ எழுது. கல்யாணம் அதுக்கப்புறம் பாத்துக்கிடலாம். நீ என்ன சொல்லுத?"

செங்கல் வாய்வரை வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தவள் நான், கயிற்றை அவிழ்த்தவள் நான், நீங்கள் கண்ணில் ஒற்றித் தூக்கியது இரண்டு செங்கல் என்று சொல்லியிருக்கவேண்டும். அதற்கும் மேலே, நான் தோற்றது திசையால் இல்லை, புத்தகம் இல்லாமல்தான் என்று கத்தியிருக்கவேண்டும். சொன்னால் பரஸ்தானத்தைக் கலைத்தவள் நான் ஆவேன். கணக்கு என் பக்கம் வந்துவிடும். தையில் கல்யாணம். சொல்லாவிட்டால் இன்னொரு வருஷம் கிடைக்கும்.

"ஆமாப்பா. தெச தப்புதான்" என்றேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் யாரோ ஒருவர் பெண்ணின் சீமந்தத்துக்கு நாள் கேட்டு வந்தார். அப்பா, "வேற யாரயும் பாருங்க. எம் மகளுக்கே சரியாப் பாக்கத் தெரியாதவன் நான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருஷம் முழுவதும் அவர் யாருக்கும் நேரம் குறித்துக் கொடுக்கவில்லை. வருகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். காலை நேரங்களில் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் சீக்கிரமாகவே கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார். பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும். இருந்தாலும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மாமா பம்பாயிலிருந்து புதிதாக ஒரு ரசாயனப் புத்தகம் அனுப்பியிருந்தார். பத்து மாதம் அதை வரி வரியாகப் படித்தேன். அந்த வருஷம் சீசனுக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். வீட்டில் என்னைக் கண்டால் பூனைகூட ஒதுங்கிப் போனது.

அந்த முறையும் தேதி ஆடியிலேயே வந்தது. அப்பா வெகுநாள் கழித்துப் பஞ்சாங்கத்தை எடுத்தார். வடக்கே ராயகிரியில் ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டில் என் சேலை ஒன்றையும் ஒரு படி அரிசியையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். புத்தகங்களைத் தொடவில்லை. நான் அதற்குள் சண்டை போட்டு, நோட்டு நனைந்துவிடும் என்று அழுது, ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன்.

தேறிவிட்டேன். ரசாயனத்தில்தான் மற்றவற்றைவிட அதிகம். கடிதத்தை அப்பா கையில் கொடுத்தேன். அவர் படித்து முடித்ததும் முகம் அப்படியே மாறியது. ஒரு வருஷமாகக் கூனிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் வீடு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"போன வருசம் மேக்க வச்சேன், போச்சு. இந்த வருசம் வடக்க வச்சேன், கெடைச்சிட்டு. இதுக்கு மேல என்னவே சாச்சி வேணும்?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் அங்கேயே தன் கடைக்கு நாள் பார்த்துத் தரச் சொன்னார். அப்பா பஞ்சாங்கத்தை விரித்தார்.

நான் படிச்சேம்ப்பா, பத்து மாசம் ராப்பகலா படிச்சேன் என்று அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று சொல்லவேண்டும் போல் இருந்தது. சொல்வதற்கு எனக்கு வாய் இல்லை. தோற்றது திசையால் என்று போன வருஷம் ஒப்புக்கொண்டவள் நான்தான். அப்படியென்றால் ஜெயித்ததும் திசையால்தானே? அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். உள்ளே போய் டம்ளர்களை எடுத்து வைத்தேன்.